துஷி வைத்த படி

வியாழன் இரவு.

சாதாரண பிக்கப்புக்குக் கவசத் தகடு அடித்து, பின்பெட்டியில் துப்பாக்கித் தாங்கி பூட்டி, நாங்கள் குடியேறிய இந்த நாட்டு இராணுவத்துக்கு வண்டியாக்குவதுதான் எங்கள் பட்டறை வேலை. பின்பக்கம் ஏறும் இரும்புப் படி எங்களோடு வேலை செய்த என் மனைவி துஷி வரைந்தது. அவள் ஆள் கட்டை. தனக்கு எட்டும் உயரத்திலேயே அதை வைத்தாள்.

"உமக்கு ஏறவோ, பிள்ளை, வாகனம் செய்யிறம்?" என்று முதலாளி சிவா அண்ணை அப்போது சிரித்தார். அவள் இறந்த அடுத்த மாதம், "பாரம் கூடிப்போச்சு, உந்தப் படியைக் கழட்டுவம்" என்றார்.

"ஆமிக்காரர் பாத்திட்டுச் சொல்லட்டும் அண்ணை" என்று நான்தான் விடவில்லை.

இன்று வந்த சிப்பாய்களில் ஒருத்தி துஷியின் உயரம். முழுக் கவச உடையோடு ஒரே எட்டில் ஏறித் துப்பாக்கியடியில் நின்றாள். வேறு வண்டிகளில் யாராவது தூக்கிவிட வேண்டுமாம். படி இருக்கட்டும் என்றார் அவர்களின் அதிகாரி.

யார் வரைந்தது, நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். என் மனைவி என்றேன். குனிந்து படியின் பூட்டாணியைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அவ இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று சிவா அண்ணை ஆங்கிலத்தில் சமாளித்தார்.

அவர்கள் போனதும், "படி விஷயத்தில கடைசியா துஷிதான் வெண்டிட்டாள், தம்பி" என்றார்.

"ஓம் அண்ணை."

மத்தியானச் சாப்பாட்டை அந்தப் படியில் குந்தியிருந்துதான் சாப்பிட்டேன். கனநாளுக்குப் பிறகு முழுவதும் சாப்பிட்டேன்.