மானைப் பார்த்தால் உட்கார வேண்டும்

பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று காலை ஏழரை மணிக்கு நான் மானாக இருந்தேன். அம்பத்திரண்டு வயதில், போஞ்சிப் பாத்திக்கு நடுவில், நாலு காலில், கோயில் பூசாரியின் மான் தோலை முதுகில் போட்டுக்கொண்டு. எப்படியும் நாளைக்கு, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒழுங்கான பிரதி ஒன்று என் கையெழுத்தில் இருக்கட்டும்.

பார்த்தது ஜெயந்தினி டீச்சர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குப் பாதை என் வேலியை ஒட்டித்தான் போகிறது.

"பாக்கியக்கா, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

தோலைச் சுருட்டி வயிற்றுக்குக் கீழே தள்ளினேன். "கம்மல், டீச்சர்."

அந்தப் புண்ணியவதி குடையை வேலியில் மாட்டிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளும் நாலு காலில் இறங்கிவிட்டாள். இருபது நிமிஷம் தேடினோம். இரண்டு கம்மலும் என் காதிலேதான் இருந்தன. நாலைந்து தடவை என் முகத்தைப் பார்த்துப் பேசினாள், கண்டுபிடிக்கவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவது இவள்தான்.

பெப்ரவரி 7, புதன்

பெரட்டில் பேச்சு: பாக்கியலெட்சுமிக்கு சாமி வந்து மண்ணில் புரண்டாளாம், டீச்சர்தான் தூக்கி விட்டாளாம். நான் எதிர்பார்த்ததைவிட மரியாதையாக இருக்கிறது. மறுக்கப் போவதில்லை.

பெப்ரவரி 9, வெள்ளி

மனசு ஆறவில்லை, முழுக்க எழுதிவிடுகிறேன்.

தேயிலைக் கொழுந்து எடுப்பதை விட்ட பிறகு தோட்ட நிர்வாகம் எனக்கு இருபது பேர்ச் நிலத்துண்டு ஒன்று பயிர் செய்யக் கொடுத்தது. போஞ்சி போட்டேன். கம்பு நட்டு, கயிறு கட்டி, கொடி ஏறும் நேரத்தில் தளிரையெல்லாம் எவனோ நுனி நுனியாகத் தின்றுவிட்டுப் போகிறான். எவனோ என்ன எவனோ, முயல்தான். மாட்டுப்பொங்கல் அன்று சாயந்திரம் பாத்திக்குள் என் கண்ணாலேயே பார்த்தேன். அட்வான்ஸ் கட்டிக் குடிவந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதனால் லுணுகலையில் இருக்கும் என் அண்ணன் நல்லையாவிடம் சொல்லி இரண்டு நாய்க்குட்டி வாங்கினேன். நீளக்காது, வேட்டை நாய்க் கலப்பு, முயலை மோப்பம் பிடித்துத் துரத்துகிற சாதி என்றான். இப்போது அவற்றுக்கு எட்டு மாச வயது. ஒன்றுக்குத் தலைவர் என்றும் மற்றதுக்கு மெம்பர் என்றும் பேர் வைத்தேன். தலைவர் சத்தம் போடும், வேலை செய்யாது. மெம்பர் சத்தமும் போடாது.

இதற்கு நடுவில் தோட்டத்து மேனேஜர் துரைக்கு ஒரு ஞானம் பிறந்தது. பழைய பங்களாவை ஹோட்டலாக்குகிறார். எல்ல என்கிற ஊர் வரைக்கும் வருகிற வெள்ளைக்காரர்களை இங்கேயும் இழுக்க வேண்டுமாம். அவர்களுக்குக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரையையா காட்ட முடியும்? பைனஸ் மரக் காட்டு ஓரத்தில் மேய்கிற மான்கள் இருக்கின்றன. ஆகவே கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் சுவரில் கடிதம்: மானைத் துரத்தும் நாய் அப்புறப்படுத்தப்படும், நாய்க்குச் சொந்தக்காரர் காய்கறி நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். அறுபது வருஷமாக லயம் ஒழுகுவதற்கு ஒரு கடிதம் வந்ததில்லை. மானுக்கு வந்துவிட்டது.

ஆக, என் நாய்கள் முயலைத் துரத்த வேண்டும், மானைத் துரத்தக் கூடாது. துரத்தினால் நாயும் போச்சு, போஞ்சியும் போச்சு.

"அது ஒரு வேலையா? நான் வர்றேன் தங்கச்சி, ரெண்டு நாளு," என்று போனில் சொன்னான் அண்ணன். வந்து இன்றைக்கு ஏழாவது நாள்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அண்ணனைப் பற்றி. அந்தக் காலத்துத் துரைமார் இவனைக் கேட்காமல் வேட்டைக்குப் போனதில்லையாம். நாய் வாலை ஆட்டுவதை வைத்து அது என்ன நினைக்கிறது என்று சொல்லிவிடுவானாம். நேற்று மெம்பர் வாலை ஆட்டிக்கொண்டே அவன் செருப்பைத் தின்றது. என்ன நினைத்தது என்று கேட்டேன். "பாசம்," என்றான்.

அவனுடைய முறை இது: குட்டிக்கு மான் வாசம் என்றாலே அடி விழும் என்று பழக்க வேண்டும். அதற்கு மான் தோல் வேண்டும். தோட்டத்திலேயே மான் தோல் வைத்திருப்பது பூசாரி ஒருவர்தான். முப்பது வருஷமாக அதில் உட்கார்ந்துதான் தியானம் செய்கிறார். சிவராத்திரிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். முதுகு வலிக்கு என்றேன். அன்றைக்குத் தொடங்கிய பொய்தான், கம்மலில் வந்து நின்றது.

நான் தோலைப் போர்த்துக்கொண்டு மானாக ஊர்ந்து போவேன். குட்டிகள் மோந்துகொண்டு பக்கத்தில் வரும். அண்ணன் ஒளிந்திருந்து, கல்லு போட்ட பிஸ்கட் டின்னை அவற்றின் காதுக்குப் பக்கத்தில் குலுக்குவான். ஏன் நான் மான், ஏன் அவன் டின்? அவனுக்கு முட்டி வலியாம்.

பெப்ரவரி 15, வியாழன்

தோலைக் கண்டாலே இரண்டும் அலறிக்கொண்டு கோழிக்கூட்டுக்குள் ஓடுகின்றன. அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "பாத்தியா? இனி மான் வந்து மடியில ஒக்காந்தாலும் தொடாது," என்றான். சந்தோஷத்தில் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 16, வெள்ளி

ஐயோ.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பூசாரி தட்டோடு லயத்துக்கு வந்தார். நெற்றி நிறைய திருநீறு, கையில் கற்பூரம் எரிகிறது. வாசலில் படுத்திருந்த தலைவர் மூக்கைத் தூக்கியது. அடுத்த நிமிஷம் இரண்டும் ஊளையிட்டுக்கொண்டு கோழிக்கூட்டுக்குள். மெம்பர் போகிற வழியெல்லாம் மூத்திரம் போனது.

"என்னாம்மா, ஒங்க வீட்டு நாயி சாமியப் பாத்து பயப்படுது?" என்றார் பூசாரி. "வீட்டுல ஏதும் சரியில்லையோ?"

வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனைத் தவிர எல்லாம் சரிதான் என்று வாய் வரை வந்தது.

முப்பது வருஷம் ஒரு மனுஷன் சாம்பிராணிப் புகைக்குள் உட்கார்ந்து எழுந்த தோலில் மான் வாசம் எங்கே இருக்கும்? கற்பூரமும் திருநீறும் எண்ணெயும் பூசாரியும்தான் இருக்கும். பத்து நாள் மண்ணில் ஊர்ந்து என் நாய்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது நாஸ்திகம். என் வீட்டுக்காரர் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாலும் ஓடுகின்றன. கல்யாணம் கட்டி முப்பது வருஷத்தில் இவரைப் பார்த்துப் பயந்த முதல் சீவன்கள். மனுஷன் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

பெப்ரவரி 18, ஞாயிறு

நிஜ மான் வந்தது. கற்பூரம் பூசாத மான். தலைவரும் மெம்பரும் சொந்தக்காரனைக் கண்ட மாதிரிக் கத்திக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்தன. ஏழாம் நம்பர் மலை வரைக்கும் துரத்தல். காவல்காரன் பார்த்தான், துரை காதுக்குப் போய்விட்டது.

துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. மார்ச் இருபதாம் திகதி முதல் கூட்டம் விருந்தாளிகள் வருகிறார்களாம். "அன்னைக்கு ஒரு குரைப்புச் சத்தம் கேட்டாலும் நாயும் இருக்காது, நெலமும் இருக்காது. வெளங்குதா?"

வெளங்கிச்சு. திரும்பி வரும்போது அழுதேன். போஞ்சிக்காக என்றுதான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் மெம்பர் ஓடி வந்து சேலையில் முகத்தைத் துடைத்தது. போஞ்சிக்காக இல்லை. சனியன்கள்.

அண்ணனைக் காணோம். காலை பஸ்ஸிலேயே லுணுகலைக்குப் போய்விட்டானாம். மீதிக் கோழியையும் கட்டிக்கொண்டு.

பெப்ரவரி 21, புதன்

நிபுணர்கள் போதும். இனி என் வழி. இவரைச் சாராயக்கடை வாசலிலிருந்து திருப்பியவள் நான். அன்றைக்கு அடித்தேனா, டின் குலுக்கினேனா? கடைப் பக்கம் இழுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடப்பேன். என் பின்னால் வந்தால் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. இரண்டு வருஷம் ஆனது, மனுஷன் திருந்தினார். நாய்க்கு இவரைவிடப் புத்தி இருக்கும் என்ற நம்பிக்கையில் நான்கு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

விடிந்ததும் இரண்டையும் இருபதடிக் கயிற்றில் கட்டிப் பைனஸ் ஓரத்துக்குக் கூட்டிப் போனேன். மான்கள் மேய்ந்தன. இரண்டும் இழுத்தன. பேசாமல் திரும்பி நடந்தேன், அதாவது நடக்கப் பார்த்தேன். உட்கார்ந்த வாக்கிலேயே பத்தடி இழுபட்டுப் போனேன்.

பெப்ரவரி 27, செவ்வாய்

மெம்பர் மானைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. நெத்தலிக் கருவாடு ஒன்று கொடுத்தேன். தலைவருக்குப் புரியவில்லை. பேர் அப்படி.

மார்ச் 3, ஞாயிறு

"தலைவரே, ஒக்காரு! ஒக்காருன்னு சொல்றேன்ல!" என்று கத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பாதையில் நம் சங்கத்துத் தலைவர், நிஜத் தலைவர், வெள்ளைச் சட்டையோடு நின்றுவிட்டார். அக்கம்பக்கம் பார்த்து, "எங்கம்மா ஒக்கார்றது?" என்றார். விளக்கம் சொல்லவில்லை. மடுவத்துத் திண்டைக் காட்டினேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நாயைவிடச் சீக்கிரம் பழகுகிறார்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. தோலைத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் பல் தடம் இருக்கிறதே என்றார் பூசாரி. முதுகு வலி அவ்வளவு கடுமை என்றேன். தலையாட்டினார். அதை நம்பியே விட்டார், பாவம்.

மார்ச் 14, வியாழன்

கயிறில்லாமல் கூட்டிப் போனேன். முப்பதடி தூரத்தில் ஒரு மான், ஒரு குட்டி. தலைவர் ஓர் அடி எடுத்து வைத்தது. "ம்," என்றேன். அவ்வளவுதான். உட்கார்ந்தது. மெம்பர் அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து வைத்திருந்தது. திரும்பும் வழியில் ஒரு முயல் குறுக்கே ஓடியது. இரண்டும் பறந்தன! தேயிலைக்குள்ளே காது மட்டும் தெரிந்தது. அங்கேயே நின்று தனியாகக் கை தட்டினேன்.

மார்ச் 20, புதன்

வந்தார்கள். எட்டு வெள்ளைக்காரர்கள், நமக்கு வியர்க்கிற வெயிலில் தொப்பியும் மழைச்சட்டையும். முன்னால் துரை, காடு அவருக்குச் சீதனமாக வந்த மாதிரி கையை வீசிக்கொண்டு. நான் வேலிக்குள் நின்றேன், நாய்கள் காலடியில்.

பைனஸிலிருந்து ஒரு மான் நிதானமாக இறங்கி, விருந்தாளிகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றது. துரை மானைப் பார்க்கவில்லை, என் நாய்களைப் பார்த்தார்.

இரண்டும் உட்கார்ந்தன. மானைக் கொஞ்சம், என்னை நிறையப் பார்த்தன. மான் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைக்காரிகள் மானை விட்டுவிட்டு நாய்களைப் படம் பிடித்தார்கள். துரை என்னிடம் வந்து, "வெரி குட் பாக்கியம். இது நம்ம எஸ்டேட் ட்ரெய்னிங்," என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எஸ்டேட் ட்ரெய்னிங்காம்! என் இடுப்புத் தோல் உரிந்த இடத்தைக் காட்டட்டுமா என்று கேட்க நினைத்து, நாய்க்கும் நிலத்துக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21, வியாழன்

அண்ணன் போன் எடுத்தான். செய்தி லுணுகலை வரைக்கும் போயிருக்கிறது. "அஸ்திவாரம் நான் போட்டது," என்கிறான்.

மார்ச் 24, ஞாயிறு

பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ஸமீம் நானா போஞ்சி எடுக்க லொறியோடு வந்தார். பாத்தியைப் பார்த்தால் பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை. இரண்டே நாளில் பாதித் தோட்டம் மொட்டை. முயல் சாதியையே ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன். இவ்வளவு பழக்கியும் இந்த நாய்கள் ஒரு முயலைக்கூடத் தடுக்கவில்லையே என்று அவற்றையும் திட்டினேன்.

நானா ஒரு கொடியைப் பிடித்துப் பார்த்தார். முயல் கடித்தால் கத்தியால் வெட்டின மாதிரி இருக்குமாம், இது பிய்ந்து கிடக்கிறதாம். பிறகு தலையை நிமிர்த்திக் கம்பு உச்சியைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, ஒங்க ஊரு முயலுக்கெல்லாம் ஏணி குடுத்திருக்கீங்களா?"

கீழே குனிந்து ஈர மண்ணைக் காட்டினார். இரண்டாகப் பிளந்த குளம்புத் தடம், பைனஸ் பக்கமிருந்து வந்து, நாய்கள் படுக்கிற சாக்கைச் சுற்றிக்கொண்டு பாத்திக்குள் போகிறது. புதுத் தடத்துக்குப் பக்கத்தில் பழைய தடமும் இருக்கிறது, காய்ந்து இறுகிப்போய்.

அவர் போன பிறகு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கம்பாக அளந்தேன். ஆகக் கீழே கடிபட்ட இடம், தரையிலிருந்து மூன்றடி இரண்டங்குலம்.