தண்ணீர் வந்ததா என்று சொல்லாமல் போனவனுக்கு

எடப்புளி நாடு,
கொல்லிமலை.
9 பிப்ரவரி 2025, ஞாயிறு, காலை 6 மணி 40 நிமிடம்.
பாறைகள் 9, ஆட்கள் 212, சேவல் 1.

அன்புள்ள கலைமணிக்கு,

முருகானந்தம் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாதே. கடைசியாக நான் பேனாவில் முழுப் பக்கம் எழுதியது பாலிடெக்னிக் பரீட்சையில்தான். நீ நம்பரை மாற்றிவிட்டாய். ஆழ்துளைக் கிணறு போடும் உங்கள் போர் வண்டி மேனேஜருக்குப் பதினொரு முறை கூப்பிட்டேன். பதினோராவது முறை, "தம்பி, அவன் உங்ககிட்டப் பேச மாட்டேங்கறான், என்னைய உடுங்க, இங்க கம்ப்ரசர் ஓடிட்டிருக்குது" என்று வைத்துவிட்டார். வேறு வழியில்லை. திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் வண்டிக்கு ஸ்பேர் சாமான் ஏற்றிக்கொண்டு லாரி இன்றைக்குக் கிளம்புகிறது. டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊரில் எல்லோரும் நலம். மிளகு காய்கிறது. காலை பஸ் இப்போது இருபது நிமிடம் முன்னாலேயே போய்விடுகிறது, யாரிடமும் சொல்லாமல். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் நடையைக் குறைக்கவில்லை. அந்த நடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது.

ஜனவரி 18-ஆம் தேதி உன்னை நம் எடப்புளி நாட்டு ஊர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்தேன். நான் அட்மின். ஏழு விதிகள் போட்டிருந்தேன். நாலாவது விதி, வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நீ தினமும் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் பேசினாய். எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள், எத்தனை அடி இறங்கியது, சோற்றில் எத்தனை கல் கிடந்தது, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் சொன்னாய். நான் எச்சரித்தேன். நீ பதிலுக்கு உன் போன் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். "பாருடா, ஒம்பது பேரு முழுசாக் கேட்டிருக்காங்க" என்று சிரிப்புப் பொம்மையோடு எழுதியிருந்தாய். அந்த ஒன்பதை எடுத்து உன் முகத்திலேயே எறிந்தேன். என்ன எழுதினேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. ஒன்பது பேர் கேட்கிற கதைக்காக மற்றவர்களின் டேட்டாவைத் தின்னாதே, உன் சோற்றையும் புழுதியையும் இங்கே யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன். உடனே உன்னை நீக்கினேன். குரூப்பில் 63 பேர், கேட்டவர்கள் 9, அதாவது நூற்றுக்குப் பதினான்கு. கணக்கு சரி என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து டவர் பழுது என்று புகார் வந்தது. டவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் செல்லமுத்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். மறுநாள் இன்னும் மூன்று ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். "டவரு கெட்டுப்போச்சு கண்ணு, வந்து பாரு" என்றார்கள். நான் ஆபீஸில் பார்த்தேன், டவர் நன்றாகத்தான் ஓடுகிறது. புகார் நிற்கவில்லை. எரிச்சலோடு சிக்னல் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நம் ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறைக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரை மணி. நம் ஊரில் சிக்னல் உருப்படியாகக் கிடைப்பது அங்கே மட்டும்தான், உனக்கே தெரியும்.

பாறையில் முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அங்கன்வாடி கோகிலாவின் போன், ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தது. சொம்புக்குள் ஒரு தேங்காய், சாயாமல் இருக்க. மீட்டரைப் பார்த்தேன். சிக்னல் முழுசாக இருக்கிறது. நன்றாகத்தானே இருக்கிறது, என்ன வரவில்லை என்று கேட்டேன்.

"கலைமணி வரலீங்க" என்றார் செல்லமுத்து அண்ணன்.

டவர் பழுதென்று அவர்கள் முடிவு செய்ததற்குக் காரணம் அது ஒன்றுதான். மற்ற எல்லாம் வருகிறது, மிளகு விலை வருகிறது, நான் போடும் பஸ் நேரம் வருகிறது, கலைமணி மட்டும் வரவில்லை, அதனால் டவரில்தான் ஏதோ கோளாறு. இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன், இப்படி ஒரு புகாரை நான் பார்த்ததில்லை.

நான்தான் அவனை எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மறைக்கவில்லை. யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். ஒன்பது பேர்தான் கேட்டார்கள், அதனால் எடுத்தேன் என்றேன். பின்வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்து வந்தார். மடியில் குச்சிக்கிழங்கு வைத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னை நிதானமாகப் பார்த்தார். "ஏஞ்சாமி, எண்ணறதுன்னா நீ என்னத்த எண்ணுவ? போன எண்ணுவியா, காத எண்ணுவியா?" என்று கேட்டார்.

மூன்று வருடம் டிப்ளமோ படித்தவனிடம் இருசாயி அத்தை கேட்ட கேள்வி இது. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய படத்தை மறுபடி பார்த்தேன். அந்த ஒன்பது பெயரும் ஒன்பது வெவ்வேறு ஊர். ஒரு ஊருக்கு ஒரு போன். அடுத்த இரண்டு வாரம் வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போனேன். ஒன்பது ஊரிலும் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையோ மேடோ இருக்கிறது. ஒரு ஊரில் அது தண்ணீர்த் தொட்டியின் மேல். எல்லா இடத்திலும் சாயங்காலம் ஆட்கள். தலையை எண்ணினேன், காதை இரண்டால் வகுத்தேன். மொத்தம் 212.

பிறகு ஏன் ஒருத்தர்கூட உனக்குப் பதில் போடவில்லை என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். பதில் போட்டார்களாம், தினமும். நீ பேசப் பேச போனைப் பார்த்து எல்லோரும் சத்தமாகப் பேசியிருக்கிறார்கள். காய்ச்சல் என்றால், "சுக்கு தட்டிப் போட்டுக் குடி சாமி" என்று கண்ணாயி அக்கா கத்தியிருக்கிறார். நானூறு அடி என்றால், "கல்லு நெறம் மாறுச்சான்னு பாரு" என்று செல்லமுத்து அண்ணன் கேட்டிருக்கிறார். மைக் பொத்தானை அழுத்தினால்தான் உனக்குக் கேட்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உன் பேச்சு இங்கே கேட்கிறதென்றால் இங்கே பேசுவது அங்கே கேட்காதா என்பது அவர்கள் வாதம். கோகிலாவுக்குத் தெரியும். ஆனால் முப்பது பேர் நடுவில் உனக்கு வாய்ஸ் அனுப்பக் கூச்சம் என்றாள். உன் மெசேஜ் 108-ஐயும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அது ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயே கேட்டுக்கொள்.

அவளிடமிருந்து 108-ஐயும் வாங்கிக் கேட்டேன். ஒன்பது மணி நேரம் பதினான்கு நிமிடம். நான் அதுவரை உன்னுடைய ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை, வந்ததும் அழித்துவிடுவேன். நாற்பத்தேழாவது மெசேஜ் நவம்பரில் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை அன்று மலைப்பாதையின் நாற்பத்திரண்டாவது வளைவில் பஸ் நின்றுபோனதைச் சொல்கிறாய். ஸ்டார்ட்டர் ஒயர் அறுந்ததும், நான் பையிலிருந்து ஒரு துண்டுச் செம்புக் கம்பியை எடுத்து முறுக்கி ஓட வைத்ததும் வருகிறது. "எங்க முருகானந்தம் கை வெச்சா நின்னது ஓடுமுங்க. அன்னிக்குப் பரீட்சையில நான் பெயிலு, அது அவன் தப்பில்லீங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாய். பின்னால் யாரோ துளை போடும் ராடு இறக்கும் சத்தம். அதை நீ 212 பேருக்குச் சொல்லியிருக்கிறாய். நான் ஒருத்தன்தான் கேட்கவில்லை.

எண்பதாவதில், "கேக்கறீங்களா இல்லையான்னு தெரியல, சொல்லிட்டா எனக்குத் தூக்கம் வருதுங்க" என்கிறாய். இப்போது எப்படித் தூங்குகிறாய் என்று தெரியவில்லை.

உன் அம்மாவிடம் போன் இல்லை. அதனால் உன் பேச்செல்லாம் அம்மாவுக்குப் போகவில்லை என்று நீ நினைத்திருப்பாய். ஒருநாள்கூடத் தவறவில்லையாம். நேரில் ஏன் இதெல்லாம் மகனிடம் கேட்பதில்லை என்றேன். "எங்கிட்டப் பேசுனா மூணே வார்த்தை. சாப்டியா, நல்லாருக்கேன், வெக்கறேன். ஊருக்குன்னா வாய் ஓயாமப் பேசறான். அதான் ஊரோட ஊரா நானும் உக்காந்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

ஜனவரி 30-ஆம் தேதி மேனேஜர் போனில் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டாய். நாற்பது செகண்ட். பங்குனித் திருவிழா நோம்பிக்கு வரவில்லை, வண்டி சத்தீஸ்கரிலிருந்து ஒடிசா போகிறது, ஆடிக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டாய். அத்தை மறுநாளும் ஐந்தரைக்குப் பாறைக்கு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் வராது என்று தெரிந்தே வந்தார். நான் பார்த்தேன்.

இனி முக்கியமான விஷயம். உன் கடைசி மெசேஜ், ஜனவரி 17. சத்தீஸ்கரில் ஒரு கிராமம், இரண்டு போர் ஏற்கெனவே பொய்த்துப்போன ஒரு பெண்ணின் விவசாயக் காடு. 580 அடி போயும் வெறும் புழுதி. அந்தப் பெண் பாஷை தெரியாமல் தினமும் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ராடையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்கிறாய். "இன்னும் நாலு ராடுதான் பாக்கி, தண்ணி வந்துச்சா இல்லியான்னு நாளைக்குச் சொல்றேனுங்க" என்று முடித்தாய். அடுத்த நாள் நீ சொல்வதற்குள் நான் உன்னை எடுத்துவிட்டேன்.

ஒன்பது பாறையும் 580 அடியில் நிற்கிறது, கலைமணி. இருபத்திரண்டு நாளாக. பஸ்ஸில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், டவர் மேலே ஏறினால் கீழே நின்று கேட்கிறார்கள். செல்லமுத்து அண்ணன் அறுநூறில் தண்ணீர் என்று ஒரு பலாப்பழம் பந்தயம் கட்டியிருக்கிறார், பழம் இன்னும் பிஞ்சு. கண்ணாயி அக்கா அந்தப் பெண்ணுக்காகப் பெரியசாமி கோயிலுக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். தண்ணீர் வந்தால் சேவலைக் கொடுக்க வேண்டும், வராவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எது என்று தெரியாததால் சேவல் மிளகுக்கொடி ஏறிய மரத்தில் கட்டிக் கிடந்து தின்று கொழுத்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போனாலே கொத்த வருகிறது. "அதுக்கும் தெரிஞ்சிருக்குது, யாரால இப்பிடி நிக்கறோம்னு" என்கிறார் அக்கா.

குரூப்பில் இப்போது 40 பேர். இருபத்திரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு எப்படி வெளியேறுவது என்றே தெரியாது, போனை என்னிடமே கொண்டு வந்தார்கள். "கண்ணு, இதுலருந்து என்னைய எறக்கி உடு" என்று செல்லமுத்து அண்ணன் நீட்டினார். என் குரூப்பிலிருந்து நானே என் விரலால் இறக்கிவிட்டேன். நல்லாயிரு என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் காகிதத்தில் சுற்றியிருக்கிறது, தொலைத்துவிடாதே. ஒன்பது பாறைக்கும் போய், நானே மைக்கை அழுத்திப் பிடித்துப் பதிவு செய்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம். நாலாவது விதியை இதைவிட மோசமாக யாரும் மீறியதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பாதி புரியாது. நடுவில் சேவலும் கூவுகிறது. கடைசியில் உன் அம்மா இருக்கிறார். மூன்று வார்த்தைக்கு மேல் பேசியிருக்கிறார். அதை மட்டும் நான் கேட்கவில்லை, மைக்கை அழுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ஒடிசா போவது உன் வேலை, போ. ஆனால் பங்குனி நோம்பிக்கு ஊருக்கு வந்துவிட்டுப் போ. இதைக் கெஞ்சல் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்.

நல்ல தண்ணீர் குடி. காய்ச்சல் வந்தால் சுக்கு. உன் கை இறக்கும் ஒவ்வொரு ராடும் ஈரத்தோடு மேலே வரட்டும்.

இப்படிக்கு,
எண்ணத் தெரியாத
முருகானந்தம்.

இனி நான் செய்யப் போவது:

1. ஏழரை பஸ்ஸைப் பிடித்துத் திருச்செங்கோடு போய், இந்தக் கடிதத்தை லாரி டிரைவர் கையிலேயே கொடுப்பேன். கூட ஒரு பை மிளகு, கண்ணாயி அக்கா கொடுத்த சுக்கு.

2. ஏழு விதிகளையும் அழிப்பேன். புதிதாக ஒன்றே ஒன்று: தண்ணீர் வந்ததா இல்லையா என்று சொல்லாமல் யாரும் நிறுத்தக் கூடாது.

3. இறங்கிய இருபத்திரண்டு பேரையும் வீடு வீடாகப் போய் ஏற்றுவேன். திட்டுவார்கள், வாங்கிக்கொள்வேன்.

4. அட்மின் பொறுப்பைக் கோகிலாவிடம் கொடுப்பேன். உன் புது நம்பரை அவளுக்கு அனுப்பு, எனக்கு வேண்டாம். அவள் சேர்ப்பாள்.

5. ஒன்பது பாறையிலும் மைக் பொத்தானை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுப்பேன். பொறுமையாக. முயற்சி செய்கிறேன்.

6. தினமும் ஐந்தரைக்குப் பாறைக்குப் போவேன். மீட்டர் கொண்டு போக மாட்டேன். அத்தைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

7. நோம்பிக்கு முதல் நாள் நாற்பத்திரண்டாவது வளைவில் நிற்பேன். நீ வருகிற பஸ் நின்றுபோனாலும் போகலாம். பையில் ஒயர் வைத்திருப்பேன்.