தொப்பிக்காரனின் குரல்

மாமா,

இன்று பீரோவை நகர்த்தித் தரை துடைத்தபோது அந்த சிடி உறை கிடைத்தது. கராத்தே உடையில் ஒருவன் காலைத் தூக்கி உதைக்கும் அட்டைப் படம். உள்ளே சிடி இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தரை காயும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை.

சண்டைப் படம் என்று நம்பித்தான் நீங்கள் அதை வாங்கினீர்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சாக்கு விரித்து விற்றவனிடம், வல்லத்துக்கு வண்டி கிளம்புகிற அவசரத்தில் வாங்கியது. கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் ஓடவிட்டால், கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். உதையும் இல்லை, பாட்டும் இல்லை. நெட்டையாக ஒரு பெண், தொப்பி வைத்த ஒருவன், ஒரு கார், அதன் பின்சீட்டில் ஒரு வாத்து. அந்த இருவரும் படம் முழுக்க வாய் மூடாமல் சண்டை போடுகிறார்கள். கார் குளத்தில் இறங்கி மூழ்கும்போதும் அதன் கூரை மேல் ஏறி நின்று சண்டை. கடைசியில் ஜட்ஜ் முன்னால் நின்றும் அதே சண்டை. அவர் வெறுத்துப்போய் எழுந்து போக, இவர்கள் சிரித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. உங்களுக்கும்தான். கோட்டை பார்க்க உங்கள் பஸ்ஸில் ஏறும் வெள்ளைக்காரர்களுக்கு டிக்கெட் கிழிக்கிற அளவுதான் உங்கள் இங்கிலீஷ். ஆனால் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற ஆளா நீங்கள்? டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு நீங்களே பேச ஆரம்பித்தீர்கள். அவளுக்குக் கீச்சுக் குரல், அவனுக்கு உங்கள் சொந்தக் குரல். “யோவ் தொப்பி, கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?” என்று அவள் கேட்பாள். “வண்டிய ஓட்டுனது நீ, கண்ணு மட்டும் என்னுதா?” என்பான் அவன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்களுக்கு லீவு கிடைத்தால் அந்தப் படம்தான். ஒவ்வொரு முறையும் வசனம் மாறும். ரேஷன் கடைத் தகராறு, உங்கள் டிரைவரால் வந்த டென்ஷன், நான் குழம்பில் உப்பை மறந்தது என்று எல்லாமே அவர்கள் வாயில் வந்துவிடும். வாத்துக்கும் வசனம் உண்டு. மகள் தரையில் புரண்டு சிரிப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், உங்களோடு வாழ்ந்த வாழ்க்கையில் நான் ஒரு கவலையும் இல்லாமல் இருந்தது அந்த மத்தியானங்களில்தான்.

உங்களுக்கு ஒரே ஒரு குறை. படத்தில் வரும் அந்த நெட்டச்சிக்கு நான் குரல் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். “ஒரே ஒரு வாட்டி என்னை யோவ்னு சொல்லேன், நான் இன்னா கரைஞ்சா பூடுவேன்?” என்பீர்கள். உங்களுக்கு அக்கா மகளாகப் பிறந்து, பேச்சு வந்த நாள் முதல் மாமா, நீங்க என்றே பழகிய வாய் இது. விளையாட்டுக்குக்கூட வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புகையிலையை விடச் சொல்லி நான் கெஞ்சியதை இப்போது எழுதி என்ன ஆகப் போகிறது. பாண்டி ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்தாகவேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு துணி. கொஞ்ச நாளில் மூக்குக் குழாயைக் கழற்றி, இனி வாயாலேயே சாப்பிடலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நீங்கள் சாப்பிடவில்லை. எழுதிக் காட்ட மகள் வாங்கித் தந்த சிலேட்டையும் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடிவரை கேட்ட குரல் போனபிறகு இருந்து என்ன என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கஞ்சி ஆறி ஆறி ஏடு கட்டியது. இப்படியே விட்டால் நோய் வேண்டாம், பட்டினியே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் மகளிடம் சொல்லியிருந்தார். எனக்கு உங்கள் மேல் கோபம், அதைவிடப் பயம்.

ஒரு மத்தியானம் நான் அந்தப் படத்தைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்தேன். நீங்கள் திரும்பவில்லை. தொப்பிக்காரன் வாயைத் திறந்ததும் உங்களைப் போலக் குரலைத் தடிப்பாக்கிப் பேசினேன். அவன் வாயை மூடிய பிறகும் என் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. கார் குளத்தில் இறங்கி, நெட்டச்சி கூரை மேல் நின்று கையை நீட்டிக் கத்தும் இடம் வந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு உங்கள் கட்டிலண்டை போய் நின்றேன்.

“யோவ், எழுந்துருய்யா. கஞ்சி ஆறிப்போவுது. என்னை ஒண்டியா வுட்டுட்டுப் பூடலாம்னு பாக்குறியா? நான் வுட மாட்டேன்யா.”

நான்தான் பேசினேனா என்று எனக்கே சந்தேகம். நீங்கள் மெல்லத் திரும்பினீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று நினைத்து நடுங்கிப்போனேன். நீங்கள் சிரித்தீர்கள். கொஞ்சமும் சத்தமில்லாமல், கழுத்துத் துணி புஸ் புஸ்ஸென்று எழும்பி அடங்கச் சிரித்தீர்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து கிண்ணத்துக்குக் கையை நீட்டினீர்கள்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இருந்தீர்கள். வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. இரண்டு பக்கமும் நானே பேசினேன். காப்பியில் சர்க்கரை எங்கே என்று உங்கள் குரலில் கேட்டு, உன் நாக்கில்தான் கோளாறு என்று என் குரலில் பதில் சொல்வேன். நீங்கள் நினைக்காததைச் சொல்லிவிட்டால் கையை ஆட்டி மறுப்பீர்கள், நான் மாற்றிச் சொல்வேன். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உடனே பழையபடி மாமா, நீங்க. உங்கள் கிண்டலையும் சலிப்பையும் பேசிப் பழகினேன். நோய் திரும்பி வந்தபோது, டாக்டரிடம் “எனக்கு பயமா இருக்குது சார்” என்று உங்களுக்காகச் சொன்னதும் நான்தான். நீங்கள் கையை ஆட்டவில்லை. குனிந்தபடி தலையை மட்டும் அசைத்தீர்கள்.

நீங்கள் போய், வந்த சனமெல்லாம் கலைந்தபிறகு, உங்கள் பழைய குரலைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். வல்லம், வல்லம் என்று கூப்பிடுவது கேட்டது. ஆனால் அது நான் பேசிய உங்கள் குரல். என் தொண்டையைத் தடிப்பாக்கிப் பேசிய குரல். எவ்வளவு முயன்றும் நிஜமானது வரவில்லை. மகளைப் பழைய போனில் தேடச் சொன்னேன், போட்டோக்கள்தான் இருந்தன. அவள் கல்யாண வீடியோவில் உங்கள் வாய் அசைகிறது, கேட்பது நாதஸ்வரம்தான். உங்களைச் சாப்பிடவைக்கப் பேசிப் பேசி, உங்கள் குரல் மேல் என் குரலைப் பூசிவிட்டேன் மாமா. அன்று பேசாமல் இருந்திருக்க முடியுமா என்றால், முடியாது. ஆனாலும் தாங்கவில்லை.

போன வாரம் மகள் வந்திருந்தாள். மாசமாக இருக்கிறாள். சோறு இறங்கவில்லை என்று தட்டைத் தள்ளிவைத்தாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

“நைனா மாதிரி ஒரு வாட்டி திட்டும்மா” என்றாள்.

திட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “அப்படியே நைனா” என்றாள். அது உங்கள் குரல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்திருந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அந்தக் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தேன்.