நெய்யாத்துல களையாத சிப்பு

இன்னிக்கு காலத்த உனக்க வாடகை வண்டியப் பழைய இரும்பு விலைக்கு எடுக்க ஆக்கர்காரன் வந்தான். போணட்டைத் தூக்கினதும் பழைய டீசல் மணம் குப்புன்னு அடிச்சுது. நீ மரிச்சு ரெண்டு மழை களிஞ்சாச்சு. ஆனாலும் உனக்க சட்டைக்க மணம் அதுக்குள்ள கிடக்குது.

வெள்ளறடை ஏற்றத்துல ரப்பர் ஷீட்டு ஏத்தின வண்டி ஒண்ணு உன்னை முந்திப் போச்சில்லா? அதுக்குப் பின்ன நாலு நாளு உனக்குச் சோறு இறங்கல்ல. குளத்தூர்ல ஒருத்தன் வண்டிக்க மூளைய மாத்துவான்னு யாரோ பறஞ்சதும் என்னையும் இழுத்துட்டுப் போனே. அவனுக்க ஷெட்டுல ஒரு பக்கம் லாப்டாப்பு, மறுபக்கம் மரச்சீனிக் கிழங்குக் குவியல். நல்ல மாவு உள்ள மரச்சீனியாக்கும், அதப் பத்தித் தொடங்கினா நேரம் போவும். அவன் எஞ்சினுக்க கம்ப்யூட்டர் பெட்டியத் திறந்து, நகம் அளவுள்ள சிப்பை எடுத்துட்டு வேற ஒண்ணு வெச்சான்.

"இனி இழுப்பு கூடும் அண்ணா, டீசலும் குடிக்கும். பழசைக் களையாண்டாம். இதுபோல வேற கிட்டாது."

நீ அதப் பீடிக்கெட்டுக்க காகிதத்துல பொதிஞ்சு எனக்க சட்டைப் பையில போட்டே. "எலே, நீ வெச்சுக்கோ. எனக்குப் புத்தி வந்தா கேட்டு வாறேன்."

உள்ளதைச் சொல்லணும், வண்டி பறந்துது.

எனக்க மவளுக்க கலியாணத்துக்கு, "பொண்ணு எனக்க வண்டியிலதான் வரும்"னு பிடிவாதம் பிடிச்சது நீதான். சர்ச்சுலேருந்து மண்டபம் வரைக்கும் பேண்டு செட்டு முன்னால நடக்கும், பொண்ணு வண்டி பின்னால பைய ஊரணும். உனக்குத் தெரியாத வழக்கமா? ஆனா உனக்க வண்டிக்கு ஊரத் தெரியல்ல. காலை வெச்சா சாடுச்சு, எடுத்தா நின்னுது. பின்னால வந்த சம்மந்திமாருக்க வெள்ளை வேட்டி எல்லாம் கரும்புகை.

"பொண்ணு வருதா, செங்கல் சூளை வருதா?"ன்னு ஒருத்தன் கேட்டான். எல்லாவனும் சிரிச்சான். மவ தலையக் குனிஞ்சு அழுதா.

"இறங்குலே! உனக்க பவுசு காட்ட எனக்க மவதான் கிட்டினாளா?"ன்னு நான் சத்தம் போட்டேன்.

"மக்கா, ஆளுங்க பாக்குதுலே"ன்னு நீ மெதுவாச் சொன்னே. நான் கேக்கல்ல. பொண்ணை இறக்கி நடத்தியே கூட்டிட்டுப் போனேன்.

மறுநாளு நீ வரல்ல. உனக்க கெட்டினவளை அனுப்பினே. "அண்ணா, அந்தப் பழைய சிப்பைக் கேட்டாரு. திரும்ப மாத்தப் போறாராம்."

கேட்டு வாறேன்னுதானே நீ சொன்னே? உனக்க கால் என்ன ஒடிஞ்சா போச்சு? அதாக்கும் எனக்கு வெப்ராளமும் கோவமும். சிப்பு எனக்க பையிலதான் உண்டு. "அத நான் நெய்யாத்துல தூக்கிக் களஞ்சேன்"னு சொன்னேன்.

நீயும் வந்து ஒரு வாக்கு கேக்கல்ல. அந்தப் புது சிப்போட அப்படியே ஓட்டினே. அடுத்த மழைக்கு முன்ன, ஆளு ஏத்திட்டுப் போறப்ப, அதே ஏற்றத்துல எஞ்சின் பொளிஞ்சுது. பின்ன கண்டவனுக்க ஆட்டோ ஓட்டினே. எதிர்ல கண்டா நீ ஒரு பக்கம் பாப்பே, நான் மறுபக்கம் பாப்பேன். அப்படி இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போயிட்டே. என்னை ஒரு தெறி வார்த்தையாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

இன்னிக்கு உனக்க கெட்டினவ எனக்க கண்ணைப் பாத்துக் கேட்டா: "அண்ணா, ஒரு ஆளு எஞ்சினை நன்னாக்கி ஓட்டலாம்னு வந்தாரு. பழைய சிப்பு இல்லேன்னதும் போயிட்டாரு. அத நெய்யாத்துல களஞ்சேன்னது உள்ளதுதானா?"

கை பைக்குப் போச்சு. இப்ப எடுத்து நீட்டினா, அன்னிக்கு நான் செஞ்சது என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சு போவும்.

"களஞ்சது களஞ்சதுதான் பிள்ளே."

ஆக்கர்காரன் உனக்க வண்டியக் கெட்டி இழுத்துட்டுப் போனான். பைய, புகை இல்லாம, பேண்டு செட்டுக்குப் பின்னால போவுத மாதிரி போச்சு. அன்னிக்கு அப்படிப் போயிருந்தா என்னலே?

பீடிக் காகிதம் பொடிஞ்சு போச்சு. சிப்பு மட்டும் உண்டு. சட்டை மாத்தும்போ எல்லாம் அதையும் எடுத்து மத்த பையில வைக்கேன்.