பன்னிரண்டாவது மேசையில் பனி

மார்ச் 9
நாளை மறுநாள், பொம்மை ரயில் ஸ்டேஷன் கட்டும் போட்டி. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. கட்டுகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அரை மார்க் அம்மா. சிக்னல் கம்பம் துளி சாய்ந்திருந்தாலும் வெட்டுவேன். வெட்டத்தானே கூப்பிடுகிறார்கள்!

மார்ச் 11
பன்னிரண்டாவது மேசை. ஒரு நர்ஸ் கட்டிய குட்டி ஸ்டேஷன். மேசைகளில் அங்கே மட்டும்தான் குட்டி விளக்குகள் எரிந்தன. குனிந்தேன். பனி! ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வெளிச்சம் பூத்திருந்தது. தண்டவாளம் கொஞ்ச தூரம் போய்ப் பனிக்குள் கரைந்துவிட்டது. பெஞ்சில் விரல்நுனி அளவு ஒரு பெண், யாருக்காகவோ காத்திருக்கிறாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. எவ்வளவு நேரம், தெரியாது. பத்துக்குப் பத்து போட்டேன். என் கையா இது?

ஒப்பிட்டுப் பார்த்தால் மற்ற இருவரும் ஐந்து. "எந்தப் பனிம்மா?" என்றார் ரிட்டயரான என்ஜின் டிரைவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

இன்னொரு நடுவர், கடிகாரம் பழுது பார்ப்பவர், மெதுவாகக் கேட்டார்: "அம்மா, மேல டியூப்லைட்டைப் பாருங்க. அதைச் சுத்தியும் பனி இருக்கா?"

இருந்தது. நான் போட்ட மார்க் எல்லாவற்றையும் நானே அடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 13
இரண்டு கண்ணிலும் புரையாம். வீட்டில் இவர் சிரிக்கிறார். "காப்பியில உப்பு போட்டப்பவே நெனச்சேன்." ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். சரியானால் அந்த ஸ்டேஷன் போய்விடுமே. தள்ளிப்போடலாமா? பைத்தியமாடி உனக்கு?

ஏப்ரல் 20
இரண்டாவது கண்ணிலும் கட்டுப் பிரித்தாயிற்று. சுவரில் இத்தனை விரிசலா! இவர் முகத்திலும்.

மே 18
மனசு கேட்காமல் நர்ஸ் வீட்டுக்குப் போனேன். விளக்கைப் போட்டாள். பசை வழிந்திருந்தது. மரம் என்று நினைத்தது பாத்திரம் தேய்க்கும் நார். ஐந்துதான், அதற்கு மேல் இல்லை.

"அன்னைக்கு நீங்க என்ன பார்த்தீங்க மேடம்? சொல்லுங்க, கட்டிடறேன்."

சொன்னேன். பஞ்சைப் பிய்த்து வைத்துப் பார்த்தாள். பஞ்சு பஞ்சாகவே இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. சே, இந்த வயசுல, ஒரு பொம்மை ஸ்டேஷனுக்கா அழுவாங்க? ஆமா, அதுக்குத்தான் அழுதேன். போ.

ஜூன் 2
நடுவர் வேலை வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். "கோபமாம்மா?" என்று டிரைவர் போன் செய்தார். கோபமில்லை. அதை வேறு யார் கட்டுவார்கள்? பார்த்தவள் நான் ஒருத்திதானே.

ஆகஸ்ட் 27
சாப்பாட்டு மேசை முழுக்க நான் ஸ்டேஷன் கட்டும் பலகை. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பஞ்சு, புகை, மெழுகு, ஒன்றும் உதவவில்லை. இன்று கண்ணாடித் துண்டை உப்புத்தாளால் தேய்த்து விளக்குக்கு முன்னால் நிறுத்தினேன். வந்தது! இவரைக் கூப்பிட்டேன். கேலி செய்ய வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 4
இன்னும் மங்கலாக வேண்டும்.

டிசம்பர் 8
போட்டி. இந்த முறை நான் மேசைக்கு அந்தப் பக்கம். ரயிலே வைக்கவில்லை, வெறும் தண்டவாளம். வெட்டுவார்கள் என்று தெரியும். டிரைவர் குனிந்தார். நிமிரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

தலையைத் தூக்காமலே கேட்டார்: "வண்டி எப்பம்மா வரும்?"

"இருங்க, வரும்" என்றேன்.

எவ்வளவு மார்க் என்று கேட்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.