நானூறு வருடத்து உப்பு மீன்

மார்ச் 3, செவ்வாய்

அந்த உப்பு மீனை மூன்றாவது தடவையாகச் சமைத்தேன். மூன்றாவது தடவையும் வாயில் வைக்க முடியவில்லை. எங்கள் பேராசிரியர் அடிக்குறிப்பு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார், தொட்டியில் துப்பினார். பிறகு சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷம்! நான் சமைத்தது விளங்காமல் போனதற்குச் சந்தோஷப்படுகிற ஆளை இருபத்திரண்டு வருட வேலையில் இப்போதுதான் பார்க்கிறேன்.

"அருமைம்மா, அருமை. இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டே போய்விட்டார். தட்டைக் கழுவியது நான்.

அடிக்குறிப்பு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எங்கள் கேட்டரிங் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர். ஒரு வாய் காபி குடித்தால்கூட அதற்கு ஒரு விளக்கம் சொல்லாமல் விழுங்க மாட்டார். உலகம் முழுக்க மனிதர்கள் எப்படிச் சமைத்தார்கள், எப்படி உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று ஒரு தடிப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய சமையல் ஏடுகளை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுச் சீட்டு எழுதித் தருவார். சோதனைச் சமையலறையில் நான் செய்து கொடுப்பேன். இரண்டு வருடமாக நடக்கிறது. குழி வெட்டி, சுட்ட கல்லின் மேல் கிழங்கு வேகவைத்திருக்கிறேன். மீனையும் உப்பையும் ஜாடியில் போட்டு மூன்று மாதம் வெயிலில் வைத்துச் சாறு வடித்திருக்கிறேன் - அந்த வாடைக்குக் கட்டிடம் முழுக்க என்னைத் திட்டியது. ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடிக்கும். கண்டிராத ஊரில், கண்டிராத ஒருத்தியின் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வருவதுபோல இருக்கும்.

சீட்டில் இல்லாத ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது. அது அவர் சட்டம்.

இந்த மீன் ஏதோ ஒரு துறைமுக ஊரின் நானூறு வருடத்து ஏட்டிலிருந்து வந்தது. "உப்பிட்ட மீனைத் துண்டு போடு. வெங்காயம், மிளகு, அரைத்த பாதாம் சேர். சிறு தீயில் வை. பரிமாறு." அவ்வளவுதான். உப்பு மீனை ஊறவைக்காமல் எந்த மடையன் அடுப்பில் ஏற்றுவான்? நான் ஏற்றினேன். சட்டமாயிற்றே.

மார்ச் 5, வியாழன்

ஆசிரியர் அறையில் அந்த அத்தியாயத்தை வாசித்தார். தலைப்பு: "நாக்கு முதிராத காலம்".

"அக்காலத்து மக்கள் ருசி அறியாதவர்கள். உப்பு ஒன்றே அவர்களுக்கு உணவாக இருந்தது. நாங்கள் சமைத்துப் பார்த்தோம்; அந்தத் தட்டே சாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதவோரம் தேநீர் டம்ளரோடு நின்றிருந்தேன். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாங்களாம்! சாட்சியாம்! ஒரு ஊரையே நாக்கு கெட்டவர்கள் என்று எழுதுவதற்கு என் கையை எடுத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். அந்த ஊரில் ஒருத்தி காலையிலேயே எழுந்து, மீனைத் தண்ணீரில் போட்டு, தண்ணீர் மாற்றி, பாதாம் அரைத்து, வீட்டு ஆட்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டிருப்பாள். அவளுக்கு ருசி தெரியாதாம். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர் சொல்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

நாள் முழுக்கக் கோபம். வெங்காயம் நறுக்கினேன்.

மார்ச் 9, திங்கள்

சட்டத்தை மீறிவிட்டேன். சனிக்கிழமையே மீனை ஊறப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்து தண்ணீர் மாற்றினேன், மொத்தம் நான்கு தடவை. இன்று அதே சீட்டு, அதே பாதாம், அதே சிறு தீ. இரண்டு மாடி தாண்டி ஆபீஸ்காரர்கள் "என்ன மேடம் வாசனை" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அடிக்குறிப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டு சாப்பிட்டார். உடனே இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டையும் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கு. ஆனா இது ஆதாரம் ஆகாதும்மா. ஏட்டுல ஊறவைன்னு இருக்கா?"

"அரிசியைக் கழுவுன்னு எந்தப் புத்தகத்துல சார் இருக்கு? கழுவாமலா திங்கிறோம்?"

"எழுதாததை நான் எழுத முடியாது."

"தெரிஞ்சவங்களுக்கு எழுதினது சார் அது. உங்களுக்கு எழுதினது இல்ல."

சொல்லியிருக்கக் கூடாதோ? இல்லை, சொன்னது சரிதான். முகம் தொங்கிப்போய்விட்டது அவருக்கு. ஆனால் நோட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மூன்று துண்டு உள்ளே போயிருக்கிறது, அதற்காவது ஒரு நன்றி வேண்டாமா?

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"செத்து நானூறு வருஷம் ஆச்சு. அவங்களே கோவிச்சுக்கல, உனக்கென்ன?"

"அவங்களால வந்து கோவிச்சுக்க முடியாதுங்க. அதான்."

"சரி, அந்த ரசத்தை இப்படித் தள்ளு."

தள்ளினேன். டம்மென்று. கல்யாணமான நாளிலிருந்து இவரும் சாப்பிட்டுவிட்டு "பரவால்ல" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். இவரும் ஒரு புத்தகம் எழுதினால் என்னைப் பற்றி என்ன எழுதுவார்? "என் மனைவி சமைத்தாள். பரவாயில்லை."

மார்ச் 13, வெள்ளி

இருபத்தெட்டாம் தேதி கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டு விருந்து. அறுபது பேர். அடிக்குறிப்பு அந்த அத்தியாயத்தை வாசிப்பார். வாசிக்கும்போது ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் அந்த மீன், ஊறவைக்காதது. எல்லோரும் வாயில் வைத்துவிட்டு முகம் சுளித்துச் சிரிக்க வேண்டுமாம். அதற்குப் பிறகு புத்தகம் பதிப்பகத்துக்குப் போகிறது.

கல்லூரி முதல்வர் அம்மா கூப்பிட்டுச் சொன்னபோது, "நான் செய்ய மாட்டேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"ஒரு கிண்ணம் மீனுக்கா இவ்வளவு? அவர் டாக்டரேட். அவர் சொன்னதைச் செய்ங்க."

"வாயில வைக்க முடியாததை என் கையால போட மாட்டேன், மேடம்."

"அப்ப கேன்டீன்ல ஆள் இல்லைன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கச் சொன்னது என்ன அர்த்தத்தில் என்று எனக்குத் தெரியாதா? கேன்டீன் என்றால் காலை முதல் மாலை வரை சாண்ட்விச்சுக்கு வெண்ணெய் தடவுவது. என் குழி அடுப்பும் ஜாடிகளும் வேறு யார் கைக்கோ போகும்.

மார்ச் 17, செவ்வாய்

இந்தக் கூத்தில் இன்னொன்று. அடிக்குறிப்பு ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றார். புத்தகத்தில் பழைய சீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இந்தக் காலத்துச் சமையல் குறிப்பு ஒன்று வேண்டுமாம். "அந்தக் காலத்து அரைகுறைக்கும் இந்தக் காலத்துத் தெளிவுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சுன்னு தெரியணும்மா. ஒண்ணும் விடாம எழுதிக் கொடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரோஷம் வந்துவிட்டது. தெளிவு என்றால் என்ன என்று காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். கொண்டைக்கடலையும் தக்காளியும் போட்ட குழம்பு. அளவு கரண்டிக் கணக்கில், தீ நிமிடக் கணக்கில். இரண்டு தடவை திருத்தி, மூன்றாவது தடவை நல்ல தாளில் எழுதினேன். ஒரு புள்ளி விடவில்லை.

மார்ச் 23, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது!

காலை எட்டரைக்கே அடிக்குறிப்பு சமையலறைக்குள் வந்தார். கையில் என் தாள். கண் சிவந்திருந்தது.

"என்னை அவமானப்படுத்தணும்னே இப்படிப் பண்ணீங்களா?"

நேற்று மகளின் மாமனார் மாமியார் அவர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். முதல் தடவையாம். நானே சமைக்கிறேன் என்று இவர் மார் தட்டியிருக்கிறார். என் தாளைச் சுவரில் ஒட்டி, வரி வரியாகப் படித்து, கடிகாரம் பார்த்துச் செய்திருக்கிறார். சம்பந்தி முதல் வாய் வைத்ததும் கடக் என்று சத்தம். சம்பந்தியம்மா வாயிலிருந்ததை எடுத்துத் தட்டோரம் வரிசையாக அடுக்கி வைத்தாராம், கூழாங்கல் மாதிரி.

"மானமே போச்சும்மா! ஒரு மணி நேரம் வேகவிட்டேன், கல்லு கல்லா கிடக்குது. முன்னாடி நாளே ஊறவைக்கணும்னு என் வீட்டம்மா இப்பச் சொல்றா. ஊறவைன்னு நீங்க ஏன் எழு..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி.

நானும் நின்றேன். தாளை வாங்கிப் பார்த்தேன். "கொண்டைக்கடலை இரண்டு கப். கழுவி, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வேக வைக்கவும்." ஊறவைப்பது இல்லை. எங்குமே இல்லை.

வேண்டுமென்றே விட்டதாக அவர் நினைத்தார். சத்தியமாக இல்லை. மூன்று தடவை எழுதியவள் நான், மூன்று தடவையும் எழுதவில்லை. கடலை என்றாலே என் மனதில் அது ஏற்கனவே ஊறித்தான் கிடக்கிறது. அதைப் போய் எழுதுவார்களா என்ன?

"வேணும்னு செய்யல சார்" என்றேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும்! ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? நாக்கு முதிராத காலம் எது என்று இப்போதாவது தெரிந்ததா?

மார்ச் 25, புதன்

இரண்டு நாளாக ஆளைக் காணோம். விருந்துப் பட்டியலில் மீன் அப்படியே இருக்கிறது. முதல்வர் அம்மா கடைசியாகக் கேட்டார். கேன்டீனுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "ஒரு கடலைக்கும் ஒரு மீனுக்கும்..." என்று தலையில் அடித்துக்கொண்டார். அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை - மீனுக்காக இல்லை, மேடம். நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படி எழுதுவார்கள். கடலையைக் கல்லாகவே தின்ற ஜனங்கள் என்று.

மார்ச் 26, வியாழன்

மாலையில் என் கத்திகளை எடுக்கப் போனேன். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். அடிக்குறிப்பு சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தார். நான்கு பெரிய பாத்திரங்களில் அறுபது பேருக்கான மீன், தண்ணீருக்குள். தரையெல்லாம் குளம். கால்சட்டை முட்டி வரை நனைந்திருந்தது.

திரும்பாமலே கேட்டார். "எத்தனை தடவைம்மா மாத்தணும்?"

"நாலு. இவ்வளவு தண்ணி பத்தாது, மீன் மூழ்கணும். தள்ளுங்க."

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கத்திகளை நான் எடுக்கவில்லை.

மார்ச் 28, சனி

கிண்ணங்கள் வழித்த மாதிரி திரும்பி வந்தன. இரண்டாவது தடவை கேட்டு ஆள் அனுப்பினார்கள். மேடையில் அவர் அத்தியாயத்தை வாசிக்கவில்லை, சம்பந்தி கதையைச் சொல்லியிருக்கிறார். ஹால் சிரித்த சத்தம் சமையலறை வரை கேட்டது. எனக்குப் பாத்திரம் தலைக்கு மேல் கிடந்தது, போய்ப் பார்க்கவில்லை.

கேன்டீன் பேச்சை இன்று யாரும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பதிப்பகத்துக்குப் புத்தகம் போகவில்லை. காலையில் அடிக்குறிப்பு ஒரு கட்டுத் தாளோடு வந்து உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். நான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தார்.

"காய்ந்த ரொட்டியையே தட்டாக வைத்துச் சாப்பிட்டார்கள். தட்டு செய்யும் அறிவு அவர்களுக்கு இல்லை..."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"அறிவு இல்லையா? குழம்பெல்லாம் உறிஞ்சிக்கிட்டு, கடைசில தட்டையும் தின்னுட்டுக் கையைத் துடைச்சிட்டுப் போயிருக்காங்க. கழுவுற வேலையே இல்லாம ஒரு தட்டு! உங்க வீட்ல அப்படி ஒரு தட்டு இருக்கா சார்? அறிவு இல்லையாம்! யாரைக் கேட்டு எழுதினீங்க இதை?"

"யாரையும் கேட்கலம்மா" என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, பேனாவைத் தாளில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."