எடை கூடியவன்

நாள் 41 | காலை 06:10
நிலா, தென்முனை நிலையம். பதிவு: மாசானமுத்து, பராமரிப்புப் பொறியாளர். ஆக்சிஜன் சரி. மின்சாரம் சரி. குடல் சரியில்லை; மலத்தில் ரத்தம். தலைவரும் மற்றவரும் போன கப்பலில் பூமிக்குப் போய்விட்டார்கள். அடுத்த கப்பல் வரை நான் மட்டும். டாக்டர் ரஹ்மத் பூமியிலிருந்து சோதித்துச் சொன்னது: குடல் அழற்சி. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியாயிற்று.

நாள் 52 | காலை 07:00
ரத்தம் நின்றது. பேய்ப்பசி.
டாக்டர்: "தம்பி, மாத்திரை குடலை ஆத்தும். ஆனா எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவிடும், தசையையும் கரைக்கும். நிலாவுல சும்மாவே எலும்பு இளைக்கும். பால்மாவு, முட்டைப்பொடி ரெண்டு பங்கா எடுத்துக்குங்க."

நாள் 60 | காலை 07:05
உணவு அலமாரி என்னை எடை போட்டுத்தான் திறக்கும். இன்று பாதிப் பங்குதான் தந்தது. திரையில்: "எடை கூடுகிறது. உணவு குறைக்கப்படுகிறது." முட்டாள் இயந்திரம். கூடியது சதை இல்லை, நீர். மாத்திரை தேக்கிய நீர். தொடை சூம்புகிறது, முகம் உப்புகிறது.
பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து செல்வின் அண்ணன்: "எலே மாசானம், மூஞ்சி பன்னு மாதிரி ஆயிட்டுல! அங்க யாருல ஒனக்கு விருந்து வைக்கா?"
சிரித்தேன். விலா வலித்தது.

நாள் 67 | மாலை 16:40
கால் பங்கு. முழுப் பங்கு தரச் சொல்லிப் பூமியிலிருந்து வந்த கட்டளையை அலமாரி ஏற்கவில்லை. தலைவரின் கைரேகை வேண்டுமாம். கை பூமியில் இருக்கிறது. கதவில் துளைப்பானை வைத்து அழுத்தினேன். சடக். கதவில் ஒரு கீறல். உடைந்தது என் வலது மணிக்கட்டு.

நாள் 69 | காலை 08:00
கணக்கு எளிது. மாத்திரையை நிறுத்தினால் நீர் வடியும், எடை இறங்கும், கதவு திறக்கும்.
டாக்டர்: "திடீர்னு நிறுத்தாதீங்க தம்பி, உடம்பு தாங்காது! கப்பல் பன்னெண்டு நாள்ல வந்துரும்."
அதுவரை எதைத் தின்பது என்று அவர் சொல்லவில்லை.
செல்வின் அண்ணன்: "சொன்னா கேளுல."
நிறுத்திவிட்டேன்.

நாள் 74 | நேரம் பார்க்கவில்லை
இடது கையால் தட்டுகிறேன். கதவு திறந்தது. "வாழ்த்துகள். சரியான எடை. முழுப் பங்கு." பால்மாவு, முட்டைப்பொடி, பருப்பு, எல்லாம் கண் முன்னே. ஒரு மடக்குப் பால் குடித்தேன். தங்கவில்லை. ரத்தம் திரும்பிவிட்டது. எழுந்தால் கண் இருட்டுகிறது. மாத்திரையை மறுபடி போட்டேன். அதுவும் வாந்தியில் போயிற்று.

நாள் 75
எடைத் தட்டின் மேலேயே படுத்திருக்கிறேன். திரை ஓயவில்லை. "எடை குறைகிறது. கூடுதல் உணவு எடுத்துக்கொள்ளவும்." கதவு முழுசாகத் திறந்து கிடக்கிறது.
"எடை குறைகிறது. கூடுதல் உணவு"
செல்வின் அண்ணே, விருந்து வைத்திருக்கிறார்கள். வந்து